மகளுக்குக் குதிரை என்றால் உயிர்: சவாரி வகுப்பில் சேர்க்கலாமா, தொழிலாகுமா?

குதிரைப் பைத்தியமாகத் திரியும் மகளைப் பார்த்து, "சவாரி வகுப்பில் சேர்க்கலாமா? இதை வைத்துப் பிழைக்க முடியுமா?" என்று ஒரே மூச்சில் கேட்கிறீர்கள். இவை இரண்டு தனிக் கேள்விகள். முதலாவதற்கு இப்போதே பதில் சொல்லலாம்: சேர்த்துவிடுங்கள். இரண்டாவதற்கு அவள் மேல்நிலைப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வரை அவகாசம் இருக்கிறது.

சேர்ப்பதற்கு முன், மகளை அழைத்துச் செல்லாமல் நீங்கள் மட்டும் போய் ஒரு வகுப்பு முழுவதையும் பாருங்கள். குதிரைகளின் முதுகில் சேணம் உரசிய புண் இருக்கிறதா, விலா எலும்பு துருத்துகிறதா, தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஏறுவதற்கு முன்னும், ஏறிச் சில நிமிடம் நடந்த பின்னும் பயிற்சியாளர், சேணத்தைக் கட்டும் வயிற்றுப் பட்டையை இழுத்துப் பார்க்க வேண்டும். பட்டை கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும்; பிறகு பட்டை தளர்ந்ததும் சேணம் பக்கவாட்டில் சரியும். இதைச் செய்யாத இடத்தில் சேர்க்காதீர்கள்.

சொந்தமாக வாங்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட் உதவாது, ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 அல்லது இ.என். 1384 போன்ற குதிரைச் சவாரிக்கான தரக் குறியீடு இருக்க வேண்டும். ஒருமுறை தலை அடிபட விழுந்தால் அதை மாற்றிவிடுங்கள். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நசுங்கிய நுரை மீண்டும் எழாது. மற்றொன்று, சிறு குதிகாலும் வழவழப்பான அடியும் உள்ள பூட்ஸ். விளையாட்டு ஷூவில் பாதம், கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். மற்றவை காத்திருக்கலாம்.

குதிரையையே வாங்கித் தர வேண்டாம். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ காய்ந்த புல் வேண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். அது 25, 30 வருடம் வாழும்; உங்கள் மகள் கல்லூரி முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போன பிறகும் லாயத்தில் நிற்கும்.

வகுப்பு தொடங்கிச் சில மாதத்தில் பெரும்பாலான பெற்றோர் பொறுமை இழக்கிறார்கள். "இன்னும் டிராட்டிலேயே நிற்கிறாளே" என்பார்கள். டிராட் என்பது நடைக்கு அடுத்த வேகத்தில் சீராக ஓடுவது. அதில் குதிரையின் கால்கள் குறுக்கு ஜோடியாக, இரண்டு தாளத்தில் விழும். ஒவ்வொரு தாளமும் சவாரி செய்பவரை மேலே தூக்கிப்போடும். அந்தத் தாளத்துக்கு எழுந்து உட்காரப் பழகாத பிள்ளை, சமநிலைக்காகக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கும். குதிரையின் வாய் வலிக்கும். அது தலையை உதறும், நின்றுவிடும். பிள்ளையோ குதிரை முரடு என்று முடிவு கட்டிவிடும். அதனால்தான் நல்ல பயிற்சியாளர் குதிரையை நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிட்டு, கையில் வார் கொடுக்காமலே முதலில் உட்காரக் கற்றுத்தருகிறார். இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தி, டிராட்டைவிட வேகமான ஓட்டமான கேண்டருக்குப் போவதுதான் பல விபத்துகளுக்குக் காரணம். விழுந்தவுடன் மறுபடி ஏறினால்தான் பயம் போகும் என்றொரு பழைய நம்பிக்கை உண்டு. தலையில் அடிபட்டிருந்தால் அன்று ஏற விடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆசையின் ஆழத்தை அளக்கும் இடம் சேணத்தின் மேல் இல்லை, லாயத்தின் தரையில் இருக்கிறது. சாணம் அள்ளுவது, உடம்பு தேய்ப்பது, குளம்புக்குள் சிக்கிய கல்லைக் குதிகாலிலிருந்து முன்நுனி நோக்கிக் கிளறி எடுப்பது ஆகியவற்றுக்கும் நேரம் தரும் சவாரிப் பள்ளியாகப் பாருங்கள். குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் பார்வை விழாது. தோள்பக்கமாகக் குரல் கொடுத்து நெருங்க வேண்டும். குதிரையை நடத்திச் செல்லும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மழை நாளிலும் இந்த வேலைக்கு அவளாகவே கிளம்பினால், தொழில் பற்றிப் பேசலாம்.

போட்டி வீராங்கனையாகி வாழ்வது மிகச் சிலருக்கே கிட்டும். ஆனால் அதற்காகப் படிப்பை நிறுத்தத் தேவையில்லை. இந்த விளையாட்டு வயதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 71 வயதில் போட்டியிட்டார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் பிரிவில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார். பந்தய ஜாக்கி வேலை மட்டும் வேறு. அதற்கு உடல் எடை மிகக் குறைவாக இருக்க வேண்டும். வளரும் வயதில் அதற்காகப் பட்டினி கிடக்க அனுமதிக்காதீர்கள்.

நிலையான வருமானம் குதிரையைச் சுற்றியுள்ள வேலைகளில்தான் அதிகம். கால்நடை மருத்துவம் அவற்றில் முதலாவது. அதற்கு உயிரியலும் வேதியியலும் கைவிடாமல் இருக்க வேண்டும். லாடம் அடிப்பது கையும் இரும்பும் உடற்கூறும் சேர்ந்த தொழில். முதுகுக்குச் சிரமம், ஆனால் தேர்ந்தவருக்கு வேலை தேடி வரும். பயிற்சியாளர், இனப்பெருக்கம், தீவன ஆலோசனை, நோயாளிகளுக்குக் குதிரைச் சவாரி மூலம் தரும் சிகிச்சை ஆகியவையும் உண்டு.

பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பதற்கு முந்தைய விடுமுறையில், குதிரை பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு ஒரு வாரம் உடன் அனுப்புங்கள். வயிற்று வலியில் புரளும் குதிரையை, காயத்துக்குத் தையல் போடுவதை அவள் பார்க்கட்டும். ஒவ்வொரு மாலையும் என்ன பார்த்தாள் என்று கேளுங்கள். சிகிச்சையைப் பற்றிக் கேள்வி கேட்கிறாளா, குதிரை பாவம் என்று மட்டும் அழுகிறாளா என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு பாடங்களை முடிவு செய்யுங்கள்.