விவாகரத்து வழக்கும் வக்கீலும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பெரும்பாலான கேள்விகள் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வருபவை என்பதால் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

மேடம், கணவர் விவாகரத்து கேட்டு சம்மன் அனுப்பியிருக்கிறார். எனக்கு வேலை இல்லை, வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை. என்ன செய்வது?

உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 12-ன்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. சம்மன், அதோடு வந்த மனு நகல், அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். நேரில் போக முடியாவிட்டால் 15100-க்குக் கூப்பிடுங்கள்.

வாய்தா தேதிக்குள் வக்கீல் அமையாவிட்டாலும் நீங்களே கோர்ட்டுக்குப் போய், பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று, "இலவச சட்ட உதவிக்கு மனு கொடுத்திருக்கிறேன், அவகாசம் வேண்டும்" என்று சொல்லுங்கள். அது போதும். போகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிடும். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான்.

இன்னொன்று. இந்து திருமணச் சட்டம், பிரிவு 24-ன்கீழ் இடைக்கால ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் கணவரிடம் கேட்கலாம். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இருவருமே சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும். "எனக்குச் சம்பளமே இல்லை" என்று வாயால் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆம்பளைங்களுக்கு இலவச உதவியே கிடையாதா சார்?

(மேடம்தான், பரவாயில்லை.) உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் என்றால் வருமானம் பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு மாநில அரசு வைத்த வருமான வரம்பு பொருந்தும். பிரிவு 24-ம் கணவன், மனைவி இருவருக்கும் பொதுவானதுதான்.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறோம். ஒரே வக்கீல் போதும் என்கிறார் கணவர். சரியா?

கூட்டு மனு என்பதால் ஒரே வக்கீல் தாக்கல் செய்யலாம். நடைமுறையில் நடப்பதும் அதுதான். ஆனால் அந்த வக்கீலைப் பிடித்தது யார், ஃபீஸ் கொடுப்பது யார்? கையெழுத்துக்கு முன்னால் மனுவை வேறொரு வக்கீலிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள்.

நான் முதலில் தேடுவது "நிரந்தர ஜீவனாம்சம் முழுவதையும் பெற்றுக்கொண்டேன்" என்கிற வரியை. பாதிப் பணம்தான் வந்திருக்கும், வரி மட்டும் முழுசாக இருக்கும். நகை, குழந்தையைப் பார்க்கும் நாட்கள், நிலுவையில் உள்ள மற்ற வழக்குகள் எல்லாம் எழுத்தில் வரவேண்டும். கடைசித் தவணையை, காத்திருப்புக் காலம் முடிந்து நடக்கும் இரண்டாம் கட்ட விசாரணையன்று டிடியாக வாங்குங்கள். அன்றுவரை சம்மதத்தை வாபஸ் வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. உங்கள் பிடியே அதுதான்.

மனு போட ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்கவேண்டும். பிறகு வரும் 6 மாதக் காத்திருப்பை, சமரசத்துக்கு வழியே இல்லை என்றால் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வக்கீலை மாற்றவேண்டும். பாக்கி ஃபீஸ் தந்தால்தான் கேஸ் கட்டு என்கிறார்.

கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் இது. பாக்கி இருந்தால் அதற்கு அவர் தனியாக வழக்குப் போடட்டும். புது வக்கீலை நியமிக்கும் வக்காலத்துப் படிவத்தில் பழைய வக்கீலின் 'ஆட்சேபணை இல்லை' கையெழுத்தைக் கேளுங்கள். மறுத்தால் கோர்ட்டிலேயே அனுமதி மனு போடலாம். கட்டு வராவிட்டாலும் வழக்கு நின்றுவிடாது, கோர்ட்டில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

"ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் எனக்கு" என்று பேசுபவரிடம் போகவே போகாதீர்கள். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி அதைத் தடை செய்கிறது.

தங்கை எங்களோடு இருக்கிறாள். மாப்பிள்ளை வேறு மாநிலத்தில் கேஸ் போட்டிருக்கிறார். கைக்குழந்தையோடு அலையணுமா?

வழக்கை இங்கே மாற்றக் கேட்டு உச்ச நீதிமன்றத்தில் மனு போடலாம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றமே போதும். மாற்றல் உத்தரவு வரும்வரை அங்குள்ள வாய்தாவை விட்டுவிடாதீர்கள். அங்கே ஒரு வக்கீல் வக்காலத்து போட்டிருக்கட்டும்.

கல்யாணத்துக்கு முன் நடந்ததையெல்லாம் வக்கீலிடம் சொல்லணுமா? கூச்சமாக இருக்கிறது.

வழக்கைத் தொடுவது எதுவானாலும் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதியின்றி வெளியிட வக்கீலுக்குச் சட்டப்படி உரிமை இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அதைக் கேட்கும்போதுதான் உங்கள் வக்கீலுக்கே தெரியவருகிறது என்றால், அந்த நிமிடத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.