நிரந்தர வசிப்புரிமை இருக்கும்போது குடியுரிமை எதற்கு?

கேள்வி: வெளிநாட்டில் குடியேறிப் பல ஆண்டுகளாக நிரந்தர வசிப்புரிமையுடன் வாழ்ந்து வருகிறோம். வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம் எதிலும் எங்களுக்குத் தடை இல்லை. இதற்கு மேல் குடியுரிமை பெறுவதால் என்ன கிடைத்துவிடப் போகிறது?

பதில்: அன்றாட வாழ்க்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானதுதான். அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவரும், கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவரும், பக்கத்து வீட்டுக் குடிமகனைப் போலவே வேலைக்குப் போகிறார்கள், வரி கட்டுகிறார்கள், சொத்து வாங்குகிறார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் இருவரும் வேறு வேறு நிலையில் இருக்கிறார்கள். நிரந்தர வசிப்புரிமை என்பது, ஒரு நாடு வெளிநாட்டவர் ஒருவருக்குக் காலவரம்பு இல்லாமல், ஆனால் நிபந்தனைகளுடன் வழங்கும் அனுமதி. அதைப் பெற்ற பிறகும் அவர் தம் பழைய நாட்டின் குடிமகனாகவே இருக்கிறார். அந்த நாட்டின் கடவுச்சீட்டில்தான் பயணம் செய்கிறார். மூன்றாவது நாடொன்றில் சிக்கலில் மாட்டிக்கொண்டால் பழைய நாட்டின் தூதரகத்தைத்தான் நாட வேண்டும். குடியுரிமை பெற்றவரோ அந்த நாட்டின் உறுப்பினராகவே ஆகிவிடுகிறார். தன் குடிமகனைத் தன் எல்லைக்குள் அனுமதிக்க மறுப்பது ஒரு நாட்டுக்கு மிகவும் கடினம். வெளிநாட்டவர் விஷயத்தில், அவர் எத்தனை ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவரானாலும், அந்தத் தயக்கம் அரசுகளுக்கு இருப்பதில்லை.

இந்த வேறுபாடு நெருக்கடிக் காலத்தில்தான் வெளிப்படுகிறது. 2020-இல் கொரோனா பரவியபோது ஜப்பான் தன் குடிமக்களைத் திரும்பி வர அனுமதித்தது. ஆனால் நிரந்தர வசிப்புரிமை பெற்று அங்கேயே குடும்பம் நடத்திவந்த வெளிநாட்டவர் பலர், தடைப் பட்டியலில் இருந்த நாடுகளுக்குச் சென்றிருந்த காரணத்தால், பல மாதங்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்ப முடியாமல் தவித்தார்கள். 2017 ஜனவரியில், சில நாட்டவர் உள்ளே வருவதைத் தடுக்கும் அமெரிக்க அதிபரின் பயணத் தடை ஆணை வெளியானபோதும், அது கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குப் பொருந்துமா என்பதில் தொடக்க நாட்களில் குழப்பம் நிலவியது. விமான நிலையங்களில் அவர்களில் சிலர் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். அவர்களுக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் சில நாட்கள் கழித்தே வந்தது. உங்கள் வாழ்க்கை முழுவதும் ஒரு நாட்டில் வேரூன்றிவிட்டது என்றால், அந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை இப்படியோர் ஆணைக்கு உட்பட்டதாக விட்டுவைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: என் நிரந்தர வசிப்புரிமை அட்டை இன்னும் சில ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை வெளிநாட்டில் தங்கியிருந்தால் பாதகம் உண்டா?

பதில்: உண்டு. அட்டையின் காலாவதித் தேதியும் உரிமையின் ஆயுளும் ஒன்றல்ல. இதைப் பலர் குழப்பிக்கொண்டு பெரிய இழப்பைச் சந்திக்கிறார்கள். அமெரிக்காவின் கிரீன் கார்டு பொதுவாக 10 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. அந்தத் தேதி முடிந்துவிட்டால் அட்டையைத்தான் புதுப்பிக்க வேண்டும், உரிமை தானாக அழிந்துவிடாது. மாறாக, அட்டை செல்லுபடியாகும் காலத்திலேயே, மறுநுழைவு அனுமதி வாங்காமல் ஓராண்டு அல்லது அதற்கு மேல் வெளியே தங்கிவிட்டால், நீங்கள் அங்கே குடியிருப்பதையே கைவிட்டுவிட்டதாக அதிகாரிகள் கருத இடமுண்டு.

கனடாவில் கணக்கு தெளிவாக இருக்கிறது: எந்த 5 ஆண்டுக் காலத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் குறைந்தது 730 நாட்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்; குடிமகனான கணவருடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களும் இந்தக் கணக்கில் சேரும். பிரிட்டனில் காலவரையற்ற தங்கும் அனுமதி பெற்றவர் தொடர்ந்து 2 ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அனுமதி காலாவதியாகிவிடும். ஆஸ்திரேலியாவின் நிரந்தர விசா பொதுவாக 5 ஆண்டுகளுக்கு மட்டுமே வெளியே போய்த் திரும்பும் வசதியைத் தருகிறது. அதன் பிறகு உள்ளே இருப்பதற்குத் தடை இல்லை, வெளியே போனால் திரும்பி வருவதற்குத் தனி விசா வாங்க வேண்டும். வயதான பெற்றோரைக் கவனிக்க நீண்ட விடுப்பில் போக நேர்பவர்களுக்கு இந்த விதிகள் மிகக் கொடுமையாக வந்து முடிகின்றன. கிளம்புவதற்கு முன்பே மறுநுழைவுக்கான ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள். குடிமகனுக்கு இந்தக் கணக்குகள் எதுவும் இல்லை.

கேள்வி: குற்றம் செய்தால்தானே நாடு கடத்துவார்கள்? ஒழுங்காக வாழ்பவருக்கு என்ன பயம்?

பதில்: குற்றம் என்பதன் எல்லை நாம் நினைப்பதைவிட அகலமானது. ஆஸ்திரேலியாவில் 12 மாதங்கள் அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்று முழுநேரச் சிறையில் இருப்பவரின் விசாவை, அது நிரந்தர விசாவானாலும், ரத்து செய்தே ஆக வேண்டும் என்ற விதி 2014 முதல் இருக்கிறது. குழந்தையாக வந்து அங்கேயே வளர்ந்தவருக்கும் அது பொருந்தும். அதே குற்றத்தைச் செய்த குடிமகன் தண்டனையை முடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போவார். குடியுரிமையையும் பறிக்க முடியும் என்பது உண்மைதான்; ஆனால் அமெரிக்காவில் அதற்கு, உண்மையை மறைத்து அல்லது தகுதி இல்லாமல் அதைப் பெற்றார் என்று அரசு நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். பிரிட்டனில் அமைச்சருக்கு இதைவிட விரிந்த அதிகாரம் இருக்கிறது.

எந்தக் குற்றமும் செய்யாதவர்களும் துன்பப்பட்டிருக்கிறார்கள். 1973-க்கு முன் கரீபியன் தீவுகள் முதலிய காமன்வெல்த் நாடுகளிலிருந்து பிரிட்டனுக்கு வந்த ஏராளமானோருக்கு அங்கே நிலையாக வாழும் உரிமை சட்டப்படி இருந்தது. அதை நிறுவும் ஆவணம் மட்டும் கையில் இல்லை. பல பத்தாண்டுகள் உழைத்து வரி கட்டிய பிறகு, அவர்களில் சிலர் வேலையையும் மருத்துவ உதவியையும் இழந்தார்கள். சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018-இல் விண்ட்ரஷ் விவகாரம் என்ற பெயரில் இது வெடித்தபோது அரசு மன்னிப்புக் கேட்டது. இழந்த ஆண்டுகளை அந்த மன்னிப்பால் திருப்பித் தர முடியவில்லை.

கேள்வி: நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் வாக்களிக்கலாமா?

பதில்: பெரும்பாலான நாடுகளின் தேசியத் தேர்தல்களில் முடியாது. நியூசிலாந்து விதிவிலக்கு, அங்கே நிரந்தர வசிப்புரிமையுடன் ஓராண்டு தொடர்ந்து வாழ்ந்தவர் வாக்களிக்கலாம். பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்குரிமை உண்டு. அமெரிக்காவில் மிகுந்த எச்சரிக்கை தேவை. குடிமகன் அல்லாதவர் அங்கே கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது குற்றம். நாடு கடத்தப்படவும் அது காரணமாகலாம். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது தரப்படும் வாக்காளர் பதிவுப் படிவத்தில், குடிமகன் என்ற கட்டத்தில் தவறிக் குறியிட்டால்கூடப் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலுக்கு உள்ளாகலாம்.

கேள்வி: பெற்றோரை அழைத்துக்கொள்ள எது உதவும்?

பதில்: நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 21 வயது நிரம்பிய குடிமகன் தம் பெற்றோருக்காக, ஆண்டு வரம்பு எதுவும் இல்லாத பிரிவில் விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு உள்ளவரால் பெற்றோருக்கு விண்ணப்பிக்கவே முடியாது. கனடாவில் அரசு விண்ணப்பங்களை ஏற்கும் காலங்களில் பி.ஆர். உள்ளவரும் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: அப்படியானால் தகுதி வந்ததும் எல்லோரும் குடியுரிமை பெற்றுவிட வேண்டும் என்கிறீர்களா?

பதில்: இல்லை. புதிய குடியுரிமைக்குக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். இந்தியா, சீனா, சிங்கப்பூர் ஆகியவை இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இலங்கையில் அதற்கென விண்ணப்பித்து அனுமதி பெறலாம். ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல், தன் குடியுரிமையைப் பெறுபவர் பழையதையும் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் பழைய நாடு ஒப்பாவிட்டால் அந்தத் தாராளத்தால் பயனில்லை. சில ஆண்டுகளில் பிறந்த நாட்டுக்கே திரும்பிவிடத் திட்டமிட்டிருப்பவர், அங்கே தேர்தலில் நிற்கவோ அரசுப் பணியில் சேரவோ விரும்புபவர், நிரந்தர வசிப்புரிமையோடு நின்றுகொள்வதே நல்லது.

இந்தியக் குடிமக்களுக்கு ஒரு குறிப்பு. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தாமாக முன்வந்து பெற்ற உடனேயே இந்தியக் குடியுரிமை சட்டப்படி முடிந்துவிடுகிறது. அப்படி வேறு நாட்டுக் குடிமக்கள் ஆனவர்களுக்கு இந்தியா வழங்கும் ஓ.சி.ஐ. அட்டை வாழ்நாள் முழுவதும் இந்தியாவுக்கு வந்து போக உதவும். அதைக் கொண்டு வாக்களிக்கவோ விவசாய நிலம் வாங்கவோ முடியாது. பழைய கடவுச்சீட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து அதற்கான சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள். புதிய நாட்டின் குடிமகனான பிறகு இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்வது தண்டனைக்குரிய குற்றம்.