வாசகர் கேள்வி பதில்: பட்டியலில் இல்லாத பெயர்கள்

கேள்வி: எங்கள் ஆலயத்தின் இளைஞர் மன்றம் மாதந்தோறும் 60 குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி வழங்கி வருகிறது. சென்ற மாதம் பக்கத்துத் தோட்டத்தில் (நெருக்கமான வீடுகள் கொண்ட குடியிருப்பில்) வாடகைக்கு இருக்கும் ஒரு முஸ்லிம் பெண் மூன்று பிள்ளைகளுடன் வந்து கேட்டார். பட்டியலில் பெயர் இல்லையென்று அனுப்பிவிட்டோம். ஆலயத்துக்கு வருகிறவர்கள் தந்த பணம் அவர்களுக்கே போகவேண்டும் என்கிறார்கள் மன்றத்தின் மூத்தவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இது பாரபட்சமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: ஆம், பாரபட்சம்தான். அந்தப் பெண் உங்கள் வாசலுக்கு வருவதற்கு வெகு முன்னரே, பட்டியல் எழுதிய அன்றே அது நடந்துவிட்டது. எழுத உட்கார்ந்தவர்கள் தமக்குத் தெரிந்த வீடுகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுதியிருப்பார்கள். வாடகை அறையில் இருப்பவர், கிராம உத்தியோகத்தரிடம் பதிவில்லாதவர், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து கடையிலேயே படுத்துறங்குபவர், வேற்று மதத்தவர் ஆகியோரை வேண்டாமென்று எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்கள் யாருடைய நினைவுக்கும் வரவில்லை. தானம் செய்கிற இடங்களில் நான் கண்ட பாரபட்சத்தில் பெரும்பகுதி இப்படி நல்லவர்களின் கையால், யோசியாமல் நடந்ததுதான்.

இன, மத, மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறப்பிடம் என்பவற்றைக் காரணமாக வைத்து எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாதென்று இலங்கை அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை சொல்கிறது. ஆயினும் அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் போவதற்கு அது அரச நிருவாகத்தின் செயலாக இருக்கவேண்டும் என்பதால், உங்கள் மன்றத்தின் மீது அப்படி வழக்கிட முடியாது. அதனால் மன்றத்துக்குப் பொறுப்பில்லை என்றாகிவிடாது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை, பெறுபவரின் இனமோ மதமோ பாராமல், தேவை ஒன்றையே கணக்கில் எடுத்து உதவி வழங்கவேண்டும் என்கிறது. அமெரிக்காவில் அரசின் உணவு உதவித் திட்டங்களைத் தேவாலயங்களும் நடத்துகின்றன. ஆனால் உணவுக்காக வருகிறவரை வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லி நிபந்தனை விதிக்க அவற்றுக்கு அனுமதியில்லை.

மூத்தவர்களிடம் அன்னதானத்தை நினைவுபடுத்துங்கள். நம் கோயில்களில் சாதி பார்த்துப் பந்தி வைத்த காலமும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வழக்கம் தவறென்று உணர்ந்துதானே இன்று பந்தியில் அமர்பவரிடம் எதுவும் கேட்பதில்லை? பொதிக்கும் அதுவே முறையாகட்டும். வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, முதியோர், நோயாளர், கர்ப்பிணிகள் என்று அளவுகோலை முதலில் எழுதிவிட்டு, அதன்பின் பெயர்களை எழுதுங்கள். அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆலய வாசலில் மட்டுமன்றித் தோட்டத்துக் குழாயடியிலும் ஒட்டுங்கள். 60 பொதிக்கு 80 பேர் வந்தால் தேவை கூடியவரே முந்தவேண்டும். அந்தத் தெரிவில் ஆலயத்துக்கு வெளியிலிருந்து ஒருவரையும் உட்காரவையுங்கள். திருப்பி அனுப்பிய பெண்ணின் வீட்டுக்கு இந்த மாதம் நீங்களே போய் வாருங்கள்.

கேள்வி: பொதி வழங்கும் வரிசையில் கர்ப்பிணிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் முன்னே விட்டால் மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். எல்லோரையும் ஒரேமாதிரி நடத்துவதுதானே நியாயம்? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: முன்னே விடுங்கள். பெண்கள், சிறுவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முன்னேற்றத்துக்காகச் சிறப்பு ஏற்பாடு செய்வதற்குச் சமத்துவ உரிமை தடையாகாது என்று 12(4) உறுப்புரை கூறுகிறது. ஒரேமாதிரி நடத்துவது எப்போதும் நியாயமாகாது என்பதை நான் கற்றுக்கொண்ட இடம் கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டி. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது அங்கே ஒரு மண்டபத்தில் சமைத்த உணவு பரிமாறினோம். ஈரச் சேலையுடன் நின்ற ஒரு தாய், கோழிக்கறி ஹலாலா என்று மிகத் தணிந்த குரலில் கேட்டார். "பசிக்கிற நேரத்தில் இதெல்லாமா?" என்று என் பக்கத்தில் நின்றவர் எரிந்து விழுந்தார். அந்தத் தாய் கறியை ஒதுக்கச் சொல்லி, சோற்றையும் பருப்பையும் மட்டும் வாங்கிப் பிள்ளைக்கு ஊட்டினார், தான் உண்ணவில்லை. நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அகப்பையுடன் நின்றேன். அன்று எல்லோருக்கும் ஒரே உணவைத்தான் கொடுத்தோம், ஆனால் அது எல்லோரும் உண்ணக்கூடிய உணவாக இருக்கவில்லை. மரக்கறி மட்டும் உண்பவருக்கு டின்மீனுக்குப் பதிலாகக் கடலை வைப்பது சலுகையாகாது. பெறுபவரைப் பொதியுடன் படம் எடுத்து முகநூலில் போடும் வழக்கம் உங்களிடம் இருந்தால் அதையும் இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) மேன்முறையீட்டைத் தமிழில் எழுதிக் கொண்டுபோனேன். சிங்களத்தில் எழுதி வரச் சொன்னார் அலுவலர். என்ன செய்வது? (மட்டக்குளி வாசகி)

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அலுவலருடன் தமிழில் கருமமாற்ற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. அதே மனுவைத் தமிழிலேயே மீண்டும் கையளித்து, பிரதியில் திகதி முத்திரை கேளுங்கள். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் தமிழிலேயே எழுதலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு இடுவதற்கு, மீறல் நடந்ததிலிருந்து ஒரு மாத எல்லை உண்டு. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அக்கணக்கில் சேராதென 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஆகவே எந்த நாளில், எந்தக் கருமபீடத்தில், என்ன சொல்லப்பட்டது என்பதை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.