பழைய பத்மினிக்குப் பாகம் தேடும்போது எதைச் சொல்லிக் கேட்பது?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். அப்பா 1984-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி இன்னும் ஓடுகிறது. இப்போது பின்சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்று ஒழுகுகிறது. வாட்டர் பம்ப் சத்தம் போடுகிறது. டிரைவர் பக்கக் கண்ணாடி ஏறி இறங்கவில்லை. சேலத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் "அதெல்லாம் இப்ப வர்றதில்லைங்க" என்கிறார்கள். மெக்கானிக் ஒருவர் வேறு காரின் பிரேக் சிலிண்டரை மாட்டித் தருகிறேன் என்கிறார். மாட்டலாமா? பாகங்களை எங்கே தேடுவது?

பதில்: மாட்ட வேண்டாம். அந்தச் சிலிண்டர் சரியாகும்வரை வண்டியை மலையிறக்கவும் வேண்டாம். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஒரு மூலையில் ஒழுகினால் மொத்த பெடலும் கீழே போய்விடும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும் பாதையில் அந்த ஆபத்தை எடுக்கவே கூடாது. மெக்கானிக்கை மேலே வரச்சொல்லி பாகத்தைக் கழற்றுங்கள், அதை ஒரு பையில் போட்டு பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டு போங்கள்.

வேறு காரின் சிலிண்டர் ஏன் கூடாது? துளை அளவுதான் காரணம். முக்கால் அங்குலத் துளை என்றால் 19.05 மில்லிமீட்டர். அதற்குப் பதில் எட்டில் ஏழு பங்கு (7/8) அங்குலத் துளை, அதாவது 22.2 மில்லிமீட்டர் உள்ளதை மாட்டினால் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பிரேக்கின் தள்ளுவிசை பிஸ்டனின் பரப்பளவைப் பொறுத்தது. அந்த மூன்று மில்லிமீட்டரில் விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்பே பூட்டிக்கொண்டால், ஈரமான வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பிவிடும்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? இரண்டு பின்சக்கரச் சிலிண்டர்களையும் கழற்றி உட்சுவரைப் பாருங்கள். லேசான கறை மட்டும் என்றால் ஹோனிங் (உட்சுவரை மெல்லத் தேய்த்து மெருகேற்றுவது) செய்து புது ரப்பர் கிட் போட்டால் போதும். குழி விழுந்திருந்தால் ஹோனிங் செய்து பெரிதாக்க விடாதீர்கள். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை ஸ்லீவ் (மெல்லிய உள்குழாய்) இறக்கி, பழைய அளவுக்கே துளையைக் கொண்டுவர முடியும். இதை எல்லா லேத் பட்டறையும் செய்துவிடாது. ஹைட்ராலிக் சிலிண்டர் வேலை செய்து பழகியவராகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அப்படியே பழைய பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் இழுத்த பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் மலைப்பாதையில் அது பெரிய வித்தியாசம்.

இனி தேடும் முறை. கடையில் "பத்மினிக்கு வாட்டர் பம்ப் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். காரணம் இருக்கிறது. பத்மினி உற்பத்தி 2000-ஐ ஒட்டி நின்றுபோனது. அதற்குப் பிறகும் பாகங்கள் வந்துகொண்டிருந்ததற்கு மும்பை டாக்ஸிகள் பெரிய காரணம். அங்கே கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. வாங்க ஆள் குறைந்த பொருளைக் கடைக்காரர் அடுக்கி வைக்க மாட்டார். ஆகவே காரின் பெயரை விட்டுவிட்டு, பாகத்தின் எண்ணையும் அளவையும் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் வாட்டர் பம்பில் சத்தம் போடுவது பெரும்பாலும் பேரிங். வார்ப்பு உடல் விரிசல் விடாமல் இருந்தால் பம்ப்பையே மாற்றத் தேவையில்லை. பேரிங்கின் வளையத்தில் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 6204 என்றிருந்தால் உள்துளை 20, வெளி விட்டம் 47, தடிமன் 14 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி தயாரித்தாலும், எந்த வண்டிக்கு என்று விற்றாலும் இதே அளவுதான். லாரிக் கடையிலும் கிடைக்கும், மோட்டார் பம்ப் கடையிலும் கிடைக்கும். ஆயில் சீலும் இப்படித்தான்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் தெரிந்தால் போதும். எண் அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். பம்பைப் பிரிக்கும் முன் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் அளந்து எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அது மாறினால் உரசும், அல்லது தண்ணீர் சரியாகத் தள்ளாது, மலையேற்றத்தில் என்ஜின் கொதிக்கும்.

உங்கள் வண்டிக்கு ஒரு நல்ல விஷயம், அது இத்தாலியின் ஃபியட் 1100-இலிருந்து வந்தது, மெட்ரிக் அளவில் பிறந்தது. அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு அங்குல அளவு. அவர்கள் போல்ட் மாற்றும்போதுகூட கவனமாக இருக்க வேண்டும், மெட்ரிக் போல்ட்டை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும். ஆனால் அவர்களுக்கும் வழி இருக்கிறது. அம்பாசடரின் 1489 சிசி என்ஜின் பிரிட்டனின் எம்ஜி கார்களில் இருந்த பி-சீரிஸ் குடும்பம், ஹெரால்டு ட்ரையம்ஃப் குடும்பம். பிரிட்டனில் இன்றும் இவற்றுக்குப் பாகம் செய்கிறார்கள். நீங்களும் 1089 சிசி என்ஜினின் உள்பாகங்களை ஃபியட் 1100 பெயரில் வெளிநாட்டில் தேடலாம். வால்வு, பிஸ்டன், கேஸ்கட் வரை சரி, அதுவும் அளந்து பார்த்த பிறகு. ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டதை வாங்க வேண்டாம். இத்தாலி வண்டிகளில் ஸ்டீயரிங் இடப்பக்கம்.

நேரில் தேடுவதென்றால் புதிய பாகத்துக்குச் சென்னை ஜி.பி. ரோடும் பெங்களூரு ஜே.சி. ரோடும், கழற்றிய பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டையும் கோவை உக்கடமும். ஆனால் பாதி வேலை சேலத்திலேயே முடியும் என்று நம்புகிறேன். சங்ககிரி, நாமக்கல் என்று சுற்றிலும் லாரித் தொழில். பிரேக் லைனிங் ஒட்டுவது, கிளட்ச் பிளேட்டுக்குப் புது லைனிங் அடிப்பது, ரேடியேட்டருக்குக் கோர் மாற்றுவது எல்லாம் இங்கே அன்றாட வேலை. ஸ்பேர்ஸ் கடை இல்லையென்று சொன்னதைப் பட்டறை செய்து கொடுத்துவிடும். உங்கள் கண்ணாடி ஏற்றும் மெஷினில் தேய்ந்திருப்பது பல்லாக இருக்கும். பழையதை மாதிரியாகக் கொடுத்தால் பல் வெட்டும் பட்டறையில் செய்துகொள்ளலாம். கண்ணாடியை மட்டும் பத்திரமாக இறக்குங்கள். டஃபண்ட் கண்ணாடி (சூடாக்கிக் கடினமாக்கியது) உடைந்தால் அளவுக்கு வெட்டி மாட்ட முடியாது, மாதிரி வைத்துப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

பழைய ஸ்டாக் என்று யாராவது பெட்டி பிரிக்காத பாகம் காட்டினால், இரும்பும் பித்தளையும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். ரப்பர் என்றால் வேண்டாம். இருபது வருடம் பெட்டியில் கிடந்த பிரேக் ஹோஸும் வாஷரும் பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே இறுகிப் போயிருக்கும். ரப்பர் எப்போதும் புதுத் தயாரிப்பாகவே இருக்கட்டும். அதில் பெட்ரோலோ என்ஜின் ஆயிலோ படவிடாதீர்கள், பிரேக் ரப்பர் ஊதிவிடும். சுத்தம் செய்யப் பிரேக் ஆயிலே போதும்.

என்றாவது முழு என்ஜினையே மாற்ற நேர்ந்தால், விற்பவரிடம் ரசீதும் அந்த என்ஜின் எந்த வண்டியுடையது என்பதற்கான ஆவணமும் கேட்டு வாங்குங்கள். என்ஜின் எண் உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். ஆவணம் இல்லாத என்ஜின் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.