குட்டை இறக்கைக் கரப்பான்கள்: கேள்வி பதில்

இந்த முறை குட்டை இறக்கைக் கரப்பான்களைப் பற்றி மட்டும் பேசலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகளோடு படங்களும் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை முதுகுப் படங்கள். சில, செருப்படி பட்ட பூச்சிகள். நசுங்கிய பூச்சியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதுகை மட்டும் வைத்தும் அதிகம் சொல்ல முடியாது. அடிவயிற்றின் கடைசிப் பகுதி தெளிவாகத் தெரியும் ஒரு படமும் பக்கத்தில் ஓர் அளவுகோலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): குட்டை இறக்கைக் கரப்பான்கள் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை?

ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல அம்மா. இறக்கை குறுகுவது கரப்பான் கூட்டத்தில் பல கிளைகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. கீழ்த்திசைக் கரப்பான் எனப்படும் பிளாட்டா ஓரியன்டாலிஸ் இனத்தில் ஆணுக்கு வயிற்றின் முக்கால் பங்கை மூடும் இறக்கை உண்டு. பெண்ணுக்கு இரு பக்கமும் சிறு மடல்கள் மட்டுமே. இரண்டும் பறக்காது. அமெரிக்காவின் புளோரிடாவில் வாழும் யூரிகோட்டிஸ் புளோரிடானாவுக்கு ஆண், பெண் இரண்டுக்குமே துண்டு இறக்கைதான். இவை இரண்டும் பிளாட்டிடே குடும்பம். ஆனால் மத்தியதரைக் கடல் பகுதியின் லோபோப்டெராவும் மடல் போன்ற இறக்கை கொண்டதுதான். அது முற்றிலும் வேறு கிளை. முதுகை மட்டும் பார்ப்பவர் மூன்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுவார்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? 1964-இல் பிரான்சிஸ் மெக்கிட்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் கரப்பான்களின் இனப்பெருக்க உறுப்புகளையும், உணவை அரைக்கும் அரைவைப்பையையும், முட்டைகளை ஒன்றாகப் பொதிந்து வைக்கும் முட்டைக்கூட்டைக் கையாளும் விதத்தையும் வைத்து வகைப்பாட்டைத் திருத்தி எழுதினார். பின்னர் மரபணு ஆய்வுகள் பலவற்றை மாற்றின. எக்டோபிடே என்ற பெரிய குடும்பம் 2020-இல் பல குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆனால் அவர் காட்டிய உறுப்புகள் இன்றும் முதல் வழிகாட்டி. பெண் பூச்சியைத் திருப்பி ஏழாவது அடித்தகட்டை, அதாவது வயிற்றின் அடிப்பக்கத்தில் வரிசையாக உள்ள தகடுகளில் ஏழாவதைப் பாருங்கள். அதன் பின்பகுதி சிப்பியின் இரு ஓடுகளைப் போல நடுவில் பிளந்திருந்தால் பிளாட்டிடே. பிளவில்லாமல் ஒரே தகடாக இருந்தால் வேறு குடும்பம். பிளாபெரிடே குடும்பத்தில் பெண், முட்டைக்கூட்டை வெளியே தள்ளித் திருப்பி, மறுபடி உடலுக்குள் இழுத்து அடைகாக்கும் பையில் வைத்துக்கொள்கிறது. இவற்றில் எதற்கும் இறக்கையின் நீளம் தேவையில்லை.

கேள்வி (சென்னை): சமையலறையில் இறக்கை இல்லாத சிறிய பழுப்புக் கரப்பான்கள் உள்ளன. பெரிய கரப்பான்களும் உண்டு. சிறியவை குட்டை இறக்கை இனமா?

இல்லை ஐயா, அவை குஞ்சுகள். கரப்பானுக்குப் புழுப் பருவமோ கூட்டுப்புழுப் பருவமோ கிடையாது. முட்டையிலிருந்து வெளிவருவது பெரியதன் சிறிய வடிவம்; அதற்கு இறக்கை இருக்காது. நம் வீடுகளில் காணும் பெரிய செம்பழுப்புக் கரப்பான், பெரிப்ளானெட்டா அமெரிக்கானா, ஏறத்தாழ 13 முறை தோலுரித்த பிறகுதான் முழு இறக்கை பெறுகிறது. கடைசிப் பருவங்களில் முதுகின் பின்னோரம் சற்று நீண்டு மொக்கு போலத் தெரியும். அதைத்தான் பலர் குட்டை இறக்கை என்று நினைத்துவிடுகிறார்கள்.

குஞ்சின் மொக்கையும் வளர்ந்த பூச்சியின் மடலையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மொக்கு முதுகுத்தகட்டின் தொடர்ச்சி. இடையில் மூட்டு கிடையாது. வளர்ந்த பூச்சியின் மடல் எவ்வளவு சிறியதானாலும் அடியில் மூட்டுக்கோடு இருக்கும். இறந்த பூச்சியில் மெல்லிய ஊசியால் தூக்கினால் தனியே அசையும். முட்டைக்கூட்டோடு ஒரு பூச்சி நடந்தால் சந்தேகமே வேண்டாம், அது வளர்ந்தது.

கேள்வி (மதுரை): ஆண் கரப்பானின் பின்முனையில் இரண்டு சிறு குச்சிகள் உண்டு என்று பாடத்தில் படித்தேன். என் பூச்சிக்கு இறக்கை இல்லை, குச்சிகள் இருக்கின்றன. ஆகவே குட்டை இறக்கை இனத்தின் ஆண்தானே?

நல்ல முயற்சி, தம்பி. ஆனால் பாடநூல் சொல்வது வளர்ந்த பூச்சிகளுக்கு. ஸ்டைல் எனப்படும் அந்தக் குச்சிகள் வளர்ந்த ஆணுக்கு மட்டும் இருக்கும் என்பது சரி. பெண் குஞ்சுகளுக்கும் அவை உண்டு, வளரும்போது மறைந்துவிடுகின்றன. எனவே முதலில் அது வளர்ந்ததா என்று முடிவு செய்ய வேண்டும். சென்னைக்காரருக்குச் சொன்ன ஊசிச் சோதனையைச் செய்துவிட்டு அடிவயிற்றுப் படத்தோடு எழுதுங்கள். குச்சிகளையும் செர்சி எனப்படும் பக்கவாட்டு உணர்கொம்புகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். செர்சி கணுக்கணுவாகத் தடித்திருக்கும், இரு பாலுக்கும் உண்டு.

கேள்வி (கோயம்புத்தூர்): அடுக்களையில் சின்னச் சின்ன, இறக்கையில்லாத...

குஞ்சுகள். சென்னைக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி (டொரன்டோ): கோடையில் ஏரிக்கரை வீட்டு விளக்குக்குப் பழுப்புக் கரப்பான்கள் பறந்து வருகின்றன. விறகுக் குவியலில் பாதி இறக்கையோடு, அகன்ற உடலோடு வேறொரு வகை இருக்கிறது. இரண்டும் வேறு வேறா?

ஒரே இனத்தின் ஆணும் பெண்ணுமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வட அமெரிக்கக் காடுகளின் பார்கோபிளாட்டா இனங்களில் ஆண் முழு இறக்கையோடு விளக்கைத் தேடிப் பறக்கும். பெண்ணுக்குக் குட்டை இறக்கை, பறக்காது. பட்டைக்கு அடியிலும் சருகிலும் வாழ்பவை. விறகோடு வீட்டுக்குள் வந்தாலும் அங்கே குடும்பம் பெருக்காது. தயவு செய்து மருந்து அடிக்காதீர்கள். உலகில் 4,500-க்கும் மேற்பட்ட கரப்பான் இனங்கள் உண்டு. மனிதர் வீடுகளை நாடுபவை அவற்றில் ஏறத்தாழ முப்பதுதான். மற்றவை காட்டில் சருகை மக்கவைத்து மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன.

கேள்வி (தஞ்சாவூர்): பெண்ணுக்கு மட்டும் ஏன் இறக்கை குறைய வேண்டும்?

இது எனக்குப் பிடித்த கேள்வி. பறப்பதற்கு இறக்கை மட்டும் போதாது. மார்பின் உள்ளே பெரிய தசைகள் வேண்டும். அவற்றை வளர்க்கவும் பராமரிக்கவும் ஏராளமான புரதமும் கொழுப்பும் செலவாகும். உணவும் மறைவிடமும் காலடியிலேயே கிடைக்கும் சருகுப் படுகையில் பறக்கத் தேவையில்லை. அங்கே தசைக்குப் போகும் சத்து முட்டைக்குப் போனால் பெண்ணுக்கு லாபம். ஆணோ பெண்ணைத் தேடி அலைய வேண்டும். அதற்கு இறக்கை உதவுகிறது. பாலைவனக் கரப்பானான அரெனிவாகாவில் இது உச்சத்துக்குப் போயிருக்கிறது: ஆண் பறக்கிறது, பெண்ணுக்கு இறக்கையே இல்லை, மணலுக்குள் நீந்துவது போல் நகர்கிறது.

இறக்கை குறைந்த பூச்சியின் மார்பை வெட்டிப் பார்த்தால், பறக்கும் தசைகள் மெலிந்தோ மறைந்தோ இருக்கும். முதலில் குறைவது பெரும்பாலும் பின்னிறக்கை. விசிறி போல் மடியும் அந்த மெல்லிய சவ்வுதான் பறக்கும் வேலையின் பெரும்பகுதியைச் செய்கிறது. தடித்த முன்னிறக்கை உடலுக்குக் கவசமும் ஆவதால், பின்னிறக்கை போன பிறகும் மடலாக எஞ்சுவது உண்டு.

கேள்வி (சேலம்): இறக்கை ஒடிந்த பூச்சியைக் குட்டை இறக்கை என்று தவறாக எண்ணிவிட முடியுமா?

முடியும். மரத்துக்குள் வாழும் சல்கானியா தைவானென்சிஸ் இனத்தில் ஆணும் பெண்ணும் இணையும்போது ஒன்றின் இறக்கையை மற்றொன்று தின்றுவிடுகிறது. 2021-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்தார்கள். இயற்கையான குட்டை இறக்கையின் ஓரம் ஒழுங்காக முடியும். கடித்ததோ ஒடிந்ததோ கந்தலாக இருக்கும். நரம்புகள் பாதியில் அறுந்து நிற்கும்.

கேள்வி (புதுக்கோட்டை): மழைக்குப் பின் வரும் ஈசல் இறக்கையை உதிர்த்துவிட்டு அடிக்கட்டையோடு ஓடுகிறதே, அதையும் குட்டை இறக்கை எனலாமா?

கூடாது. ஈசலுக்கு முழு இறக்கை. அடியில் முன்கூட்டியே அமைந்த ஒரு கோட்டில் அது முறிந்து விழுகிறது. ஆனாலும் இந்தப் பகுதிக்கு ஈசல் அந்நியம் அல்ல. வகைப்பாட்டின்படி கரையான் கரப்பானின் நெருங்கிய உறவு. கரையான்கள் கரப்பான் வரிசைக்குள்ளேயே, அதாவது கரப்பான் குடும்பங்கள் எல்லாம் அடங்கிய பெரும் பிரிவுக்குள்ளேயே, கிளைத்தவை.

(இதற்கு வந்த மறுப்பு, திண்டுக்கல்): சிறு வயதில் ஈசலை வறுத்து அரிசிப்பொரியோடு தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதைக் கரப்பான் என்கிறீர்கள். கரையான் ஐசோப்டெரா என்ற தனி வரிசை என்றுதான் நான் படித்தேன், மாணவர்களுக்கும் கற்பித்தேன். இறக்கை, உடலமைப்பு, சமூக வாழ்வு, எதுவும் ஒத்துப்போகவில்லை.

ஐயா, நீங்கள் படித்த காலத்தில் அது சரியான பாடம். 2007-இல் இன்வர்டு, பெக்கலோனி, எகிள்டன் ஆகிய ஆய்வாளர்கள் மரபணுச் சான்றுகளோடு, ஐசோப்டெராவைத் தனி வரிசையாக வைத்திருக்க முடியாது என்று காட்டினார்கள். இந்த ஐயம் அதற்கும் மிகப் பழையது. கிரிப்டோசெர்கஸ் என்று ஒரு மரக் கரப்பான் வட அமெரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் மக்கிய மரத்துக்குள் குடும்பமாக வாழ்கிறது. அதன் குடலில் மரத்தைச் செரிக்க உதவும் ஒருசெல் உயிர்களைக் கிளீவ்லண்டும் சகாக்களும் 1934-இல் விரிவாக ஆராய்ந்தார்கள். அதே வகை உயிர்கள் கரையானின் குடலிலும் இருக்கின்றன. குஞ்சுகள் அவற்றைப் பெரியவற்றின் குதத்திலிருந்து வரும் நீரின் வழியே பெறுகின்றன. இரண்டிலும் இதே முறை.

(மீண்டும் திண்டுக்கல்): நம் ஊர்ப் புற்றுக் கரையான் குடலில் அந்த உயிர்கள் இல்லை. சான்று அங்கேயே உடைகிறது.

உண்மை, அவற்றின் குடலில் இல்லை. புற்றுக் கரையான்கள் டெர்மிடிடே என்ற பிற்காலக் குடும்பம். அந்தக் குடும்பமே ஒருசெல் உயிர்களை இழந்துவிட்டது. நம் புற்றுக் கரையான்கள் பூஞ்சை வளர்த்து உண்ணக் கற்றுக்கொண்டன. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையின் காளான்தான். பழைய கிளையைப் பார்க்க வேண்டுமானால் வட ஆஸ்திரேலியாவின் மாஸ்டோடெர்மஸைப் பாருங்கள். முட்டைகளைக் கரப்பானின் முட்டைக்கூடு போல் ஒட்டி அடுக்கி இடுகிறது. பின்னிறக்கையில் கரப்பானுக்கு உள்ள விசிறி மடல் இருக்கிறது. கரப்பான்களின் கொழுப்புத் திசுவில் வாழும் பிளாட்டபாக்டீரியம் என்ற நுண்ணுயிரியும் அதனுள் இருக்கிறது.

இறக்கை ஒத்துப்போகவில்லை என்றீர்கள். கரையானின் மிக நெருங்கிய உறவான கிரிப்டோசெர்கஸுக்கு இறக்கையே கிடையாது, ஈசலுக்கோ நான்கு நீண்ட இறக்கை. இறக்கையை வைத்து உறவு தேடியிருந்தால் இதை ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது. இன்று முழுவதும் நான் மன்றாடுவது இதற்காகத்தான். ஐசோப்டெரா என்ற பெயரைக் கரப்பான் வரிசைக்குள் ஓர் உட்பிரிவின் பெயராக நீங்கள் தொடர்ந்து சொல்லலாம். வறுத்த ஈசலின் சுவைக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

கேள்வி (கொழும்பு): சமையலறை அலமாரியில் இறக்கையில்லாத சிறிய...

குஞ்சு.

கேள்வி (நெல்லை): எந்த மருந்து அடித்தால் ஒழியும்?

நான் வகைப்பாடு பார்ப்பவன். பூச்சிக்கட்டுப்பாட்டாளரைக் கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): முள்காட்டில் வட்டமாக, கறுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒன்று. குட்டை இறக்கையா?

தெரியா பெட்டிவெரியானா, ஏழுபுள்ளிக் கரப்பான். முழு இறக்கை கொண்டது. தென்னிந்தியாவின் அழகான பூச்சிகளில் ஒன்று. இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி (வேலூர், பள்ளி ஆசிரியை): பழைய கட்டடத்தின் களஞ்சிய அறையில் மாணவர்கள் இறந்த பூச்சி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அளவுகோல் வைத்து முதுகு, பக்கவாட்டு, அடிவயிற்றுப் படங்கள் அனுப்பியிருக்கிறேன். 24 மில்லிமீட்டர். கரும்பழுப்பில் மஞ்சள் பட்டைகள். ஊசியால் தொட்டபோது பக்க மடல் தனியே தூக்கிக்கொண்டது.

அம்மா, இப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். மூட்டு இருக்கிறது, ஆகவே வளர்ந்தது. ஏழாவது அடித்தகடு இரண்டாகப் பிளந்திருக்கிறது, ஆகவே பிளாட்டிடே குடும்பத்துப் பெண். இரு மடல்களும் நடுமுதுகில் ஒன்றையொன்று தொடவில்லை, பின்னிறக்கை இல்லை, மஞ்சளும் கறுப்புமான கோலம் முதுகு முழுவதும் இருக்கிறது. நியோஸ்டைலோபைகா ரோம்பிபோலியா. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே மடல்கள்தான். பெயர் 1813-இல் வெளியான, ஸ்டோல் என்ற பூச்சியியலாளரின் நூலில் வந்தது. வெப்ப நாடுகள் பலவற்றில் வீடுகளிலும் கிடங்குகளிலும் வாழ்கிறது. நிறத்தைப் பார்த்துக் காட்டுப் பூச்சி என்று பலர் தவறாக நினைப்பார்கள்.

பூச்சியை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். கண்டெடுத்த நாள், ஊர், அறை, மாணவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு சிறு சீட்டில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.