முன்னால் ஒரே பல்சக்கரம் போதுமா?

கேள்வி: என் மவுண்டன் பைக்கில் முன்னால் 42, 32, 22 பற்கள் என மூன்று பல்சக்கரங்கள், பின்னால் எட்டு ஸ்பீடு, 11 முதல் 32 பல் வரை. செயின் அடிக்கடி கழல்கிறது. முன்னால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா அண்ணா? நந்தி மலைக்கும் போவேன்.
— வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமாக, தம்பி. முதலில் குனிந்து கிராங்கை, அதாவது பெடல் மாட்டிய கையை, பாருங்கள். பல்சக்கரங்கள் போல்ட்டில் நின்றால் சரி. ரிவெட் அடித்திருந்தால் கிராங்கையே மாற்றணும். 32 பல்லில் நேரோ-வைடு ரகம் வாங்குங்கள். ஒரு பல் தடிமன், அடுத்தது மெல்லிசு. செயினின் அகல இடுக்கிலும் குறுகல் இடுக்கிலும் மாறி மாறிக் கச்சிதமாக உட்காரும். பழைய நடுச்சக்கரத்தையே விட்டுவைக்காதீர்கள். கியர் மாறும்போது செயினை விட்டுக்கொடுக்கவென்றே வெட்டிய பற்கள் அவை, கழலத்தான் செய்யும். போல்ட்டும் குட்டையாக வேண்டும். முன் டீரெய்லர் (செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளும் கருவி), அதன் ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் உள்ள கியர் மாற்றி), கேபிள் எல்லாம் போய்விடும். கழுவுகிற வேலையும் பாதி மிச்சம்.

நந்தி மலைதான் வில்லங்கம். இப்போது முன்னால் 22-க்குப் பின்னால் 32: பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 0.69 சுற்று. 32-க்கு 32 என்றால் முழுச் சுற்று. கொண்டை ஊசி வளைவுகளில் முட்டி பேசும். பின்னால் 11–40 கேசட் (பல்சக்கரக் கொத்து) போட்டால் 0.8, சமாளிக்கலாம். உங்கள் பின் டீரெய்லர் 40-ஐ எட்டுமா என்று கடையில் கேட்டுவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள். செயினையும் புதிதாக அளந்து வெட்டச் சொல்லுங்கள்.