தேசிக்காய்த் தோல் போதும், சாறு வேண்டாம்

கேள்வி: பேரீச்சம்பழம், ஓட்ஸ், வறுத்த கச்சான் ஆகியவற்றை அரைத்து, மூன்று தேசிக்காயின் சாறும் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவும் சேர்த்து, அடுப்பு மூட்டாமல் உருண்டை பிடித்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலைக்குக் கொடுத்துவிடுகிறேன். மூன்றாம் நாளே புளித்த மணம் வருகிறது. சென்ற முறை வெள்ளையாகப் பூஞ்சணமும் பிடித்தது. மணம் கூடட்டும் என்று தோலையும் அரைத்துச் சேர்த்தபோது கைத்தது. தேசிக்காய்ப் புளிப்பு உணவைக் கெடாமல் காக்கும் அல்லவா? சீனி சேர்க்காததால் சலரோகம் உள்ள மாமிக்கும் கொடுக்கலாமா? கடைகளுக்குப் பலகாரம் போடும் ஒருவர் வாரம் 200 உருண்டை கேட்கிறார். இரண்டு மாதத் திகதி போடச் சொல்கிறார். என்ன செய்வது?
— கொக்குவிலிலிருந்து ஒரு தாய்

பதில்: புளிப்புக் காக்கும் என்று நம்பிச் சேர்த்த சாறுதான் உங்கள் உருண்டையைக் கெடுத்தது. தேசிக்காய்ச் சாற்றில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். புதிதாகத் திருவிய தேங்காய்ப்பூவிலும் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். உலர்ந்த பேரீச்சம்பழம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள கொஞ்ச ஈரத்தையும் அதன் இனிப்பே இறுகப் பிடித்து வைத்திருப்பதுதான். அந்தப் பழத்தின் மேல் மூன்று தேசிக்காயைப் பிழிந்துவிட்டால், பிடியில் இருந்த ஈரம் விடுபட்டுக் கிருமிகளுக்குப் பயன்படத் தொடங்குகிறது. புளிப்பு பல பக்டீரியாக்களை அடக்கும் என்பது உண்மைதான். ஆனால் மதுவத்தையும் (ஈஸ்ட்) பூஞ்சணத்தையும் அது தடுப்பதில்லை, இரண்டும் புளிப்பில் நன்றாகவே வளரும். நீங்கள் முகர்ந்த புளித்த மணம் மதுவத்தின் வேலை. வெள்ளைப் பூஞ்சணம் அதற்குப் பின்னால் வந்தது.

நம் வீடுகளில் தேசிக்காய் ஊறுகாய் ஆண்டுக்கணக்கில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கக்கூடும். அதைக் காப்பவை உப்பும் வெயிலும். எள்ளுருண்டை கெடாமல் இருப்பதற்குக் காரணம், பாகு காய்ச்சும்போதே தண்ணீர் ஆவியாகிப் போய்விடுவது. அடுப்பே இல்லாத உருண்டைக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை; ஆகவே தண்ணீரை முதலிலேயே உள்ளே விடாமல் இருப்பது ஒன்றே வழி. பூஞ்சணம் பிடித்ததைச் சுரண்டிவிட்டு மிகுதியை உண்ணலாம் என்று எவர் சொன்னாலும் கேளாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டுமே. அதன் இழைகள் உள்ளே ஓடியிருக்கும். முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

தேசிக்காய் மணம் உங்களுக்கு வேண்டும், அது நியாயமான விருப்பம். ஆனால் அந்த மணம் இருப்பது சாற்றில் அல்ல, தோலின் வெளிப்புறத்தில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில். நகத்தால் தோலைக் கீறியதும் கையில் ஒட்டுவது அந்த எண்ணெய்தான். அதற்கு அடுத்துள்ள வெண்ணிறப் பஞ்சுப் பகுதியில்தான் கைப்பு இருக்கிறது, விதையிலும் உண்டு. தோலை முழுதாக அரைத்ததால் அந்த வெண்பகுதியும் சேர்ந்து கைத்திருக்கிறது. பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துருவியின் மிக நுண்ணிய துளைகள் உள்ள பக்கத்தில் மெதுவாக உரசி, பச்சை நிறம் போய் வெள்ளை தெரியத் தொடங்கியதும் அந்த இடத்தை விட்டு அடுத்த இடத்துக்குத் திருப்புங்கள். தோடம்பழத்துக்கும் இதே முறைதான். பளபளவென்று மின்னும் இறக்குமதித் தோடம்பழத்தின் தோலில் மெழுகும், பழுதாகாமல் இருப்பதற்காகப் பூசிய பூஞ்சணக்கொல்லியும் இருப்பது வழக்கம். கழுவினாலும் அவை முற்றாகப் போவதில்லை. வளவில் காய்த்த தேசிக்காயோ, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ கிடைக்கும் உள்ளூர்ப் பச்சைத் தோடையோ போதும். இரவும் வெக்கையாக இருக்கும் இடங்களில் தோடம்பழம் பழுத்த பின்னும் பச்சையாகவே இருக்கும். அதைக் காயென்று நினைத்து ஒதுக்க வேண்டாம்.

அளவைச் சொல்கிறேன். விதை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், தோல் நீக்கிய வறுத்த கச்சான் 100 கிராம், ஓட்ஸ் 60 கிராம், வறுத்த எள்ளு 30 கிராம், இரண்டு தேசிக்காயின் தோல் துருவல், ஒரு தோடம்பழத்தின் தோல் துருவல், ஒரு சிட்டிகை உப்பு. சாறு வேண்டுமானால் ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். தேங்காய்ப்பூவுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் உலர்ந்த தூளில் உருண்டையை உருட்டி எடுக்கலாம். கடைகளில் விற்கும் தட்டையான ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் வெந்தது. வெறுஞ்சட்டியில் ஐந்து நிமிடம் வறுத்தால் வாசமும் கூடும், ஈரமும் போகும். ஓட்ஸ் இல்லையென்றால் வறுத்த குரக்கன் மா சேர்க்கலாம். ஆனால் வறுக்காத எந்த மாவையும் சேர்க்கக் கூடாது, பச்சை மாவில் கிருமி இருக்கக்கூடும். அடுப்பில்லாப் பலகாரம் என்ற பெயருக்காக இந்த ஐந்து நிமிட வறுவலைத் தவிர்க்காதீர்கள்.

இந்த அளவில் 20 உருண்டை வரும். ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். காலையில் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் பாடசாலை விடும்வரை கெடாது. போத்தலை வெளியே எடுத்தவுடன் திறக்காமல் கால் மணித்தியாலம் மூடியபடி விடுங்கள். யாழ்ப்பாணத்து ஈரக்காற்று குளிர்ந்த உருண்டையில் பட்டால் வியர்த்துவிடும், அந்த நீரே பூஞ்சணத்துக்குப் போதும்.

மாமியின் விடயத்துக்கு வருகிறேன். சீனி சேர்க்காதது வேறு, சீனி இல்லாதது வேறு. பேரீச்சம்பழத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையே. மேலே சொன்ன அளவில் ஓர் உருண்டையில் ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டிச் சீனிக்கு நிகரான இனிப்பும், 75 முதல் 80 வரை கலோரியும் உண்டு. கிளினிக்கில் மணிக்கணக்கில் வரிசையில் இருந்துவிட்டு இரண்டு நிமிடம் வைத்தியரைக் காணும் நோயாளரிடம் "இனிப்பைக் குறையுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். பேரீச்சம்பழமும் தேனும் பனங்கட்டியும் இனிப்புத்தான் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. அதன் விளைவை நான் வாரந்தோறும் காண்கிறேன். மாமிக்கு மாலைத் தேநீரோடு, அதுவும் சீனியில்லாத் தேநீரோடு, உண்ணும் பிஸ்கட்டுக்குப் பதிலாக அரை உருண்டை கொடுக்கலாம். இரண்டு மணித்தியாலத்தின் பின் இரத்தத்தில் சர்க்கரையை அளந்து பாருங்கள்.

இதிலே ஒரு விலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாமி இன்சுலின் ஏற்றுபவராகவோ சர்க்கரையைக் குறைக்கும் குளிசை எடுப்பவராகவோ இருந்து, திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால், இரத்தச் சர்க்கரை 70 mg/dLக்குக் கீழே இறங்கியிருக்கக்கூடும். அந்த நேரத்தில் இனிப்பு அவசியம். ஆனால் அப்போதும் இந்த உருண்டையைக் கொடுக்காதீர்கள். கச்சானிலும் எள்ளிலும் உள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஒரு மேசைக்கரண்டி சீனியையோ குளுக்கோசையோ தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தின் பின் மீண்டும் அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு கொடுக்க வேண்டும். தேறிய பின்னர், அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருக்குமானால், ஓர் உருண்டையைத் தாராளமாக உண்ணலாம். அப்போது அதே கொழுப்பு சர்க்கரை மீண்டும் இறங்காமல் தாங்க உதவும். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். தேறினாலும், ஏன் இறங்கியது என்று வைத்தியரிடம் கேட்காமல் விடக் கூடாது.

இனி, வாரம் 200 உருண்டை கேட்பவர். இரண்டு மாதத் திகதி போடச் சொல்பவருக்கு உங்கள் பண்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது, அல்லது தெரிந்தும் அக்கறை இல்லை. இத்தகையவர்களை நான் பல ஆண்டுகளாகக் காண்கிறேன். வீட்டிலிருந்து உழைக்க விரும்பும் பெண்களிடம் குறைந்த விலைக்கு வாங்கி, தங்கள் பெயரில் பொதியிட்டு, விற்காமல் திரும்பி வந்தவற்றுக்குப் புதுத் திகதி ஒட்டி மீண்டும் கடைக்கு அனுப்புகிறார்கள். ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் விசாரணை உருண்டை பிடித்தவரின் குசினிக்குத்தான் வருகிறது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இந்நாட்டில் இருக்கிறது. 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு ஏற்ப நிறக்குறியும் இருக்கிறது. இருந்தும் "இயற்கை", "சீனி அற்றது" என்று எழுதிய பொதிகள் யார் செய்தது, எப்போது செய்தது என்ற விபரமே இல்லாமல் கடை மேசையில் கிடக்கின்றன. சட்டம் எழுதியவர்கள் அதைக் கடைவரை கொண்டுவர இத்தனை ஆண்டு ஏன் போதவில்லை என்பதற்கு எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

இவர்கள் மலிவாகத் தருவதாகச் சொல்லும் கச்சான் தூளையும் வாங்காதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது, காரணம் தீவனத்தில் இருந்த பூஞ்சணம் பிடித்த கச்சான் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நஞ்சுதான் அஃப்ளாடொக்சின். அது ஈரலைத் தாக்கும், புற்றுநோயை உண்டாக்கும், வறுத்தாலும் முற்றாக அழியாது. முழுக் கச்சானாக இருந்தால் சுருங்கியதையும் நிறம் மாறியதையும் கையால் பொறுக்கி எறியலாம். தூளில் எதைப் பொறுக்குவது? இந்த உருண்டைக்கு வேண்டாவிட்டாலும், வேறு பலகாரத்துக்கு வாங்கும் பனங்கட்டியும் அப்படியே. பனையோலைக் குட்டானில் கட்டியிருப்பதால் மட்டும் அது கருப்பநீரில் (பதநீரில்) காய்ச்சியதாகிவிடாது. சீனி கலந்து காய்ச்சியதையும் அதே ஓலையில் கட்டலாம். தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் தெரியும் என்பது வெறும் பேச்சு, இரண்டும் ஒரே மாதிரித்தான் கரையும். காய்ச்சுபவரையே தெரிந்தால் அவரிடம் வாங்குங்கள். இல்லையென்றால் பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்தில் வாங்குங்கள்.

விற்கத்தான் விரும்புகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் குசினியைக் காட்டிப் பதிவு பற்றிக் கேளுங்கள். முதல் நாள் ஆள் இல்லையென்று சொல்வார்கள், மறுநாளும் போங்கள். சுட்டுத்துண்டில் உங்கள் பெயரும், செய்த திகதியும், அதிலிருந்து ஏழாம் நாளும், "குளிரில் வைக்கவும்" என்பதும், கச்சானும் எள்ளும் சேர்ந்தது என்பதும் இருக்கட்டும். முதல் வாரம் 20 உருண்டையை அயலில் உள்ள ஒரே கடைக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, விற்காததை ஏழாம் நாள் நீங்களே திருப்பி எடுங்கள். திகதியை நான் ஒட்டுகிறேன், நீங்கள் உருண்டையை மட்டும் தாருங்கள் என்று அந்த மனிதர் சொன்னால், அவருக்கு ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.